முதல் ரூபாய் ஊருடையதாக இருக்கட்டும்

கண்ணுகளா, உங்கள் மன்றத்தார் நாற்பது பேர் கையெழுத்துப் போட்டு எழுதிக் கொடுத்த மனுவை நிதானமாகப் படித்தேன். குளத்துக் கரையைப் பலப்படுத்த வேண்டும், படிப்பகம் வேண்டும், விளையாட்டுத் திடலுக்கு வேலி வேண்டும், மயானத்துக்குப் போகும் பாதையில் விளக்கு வேண்டும் என்று எல்லாவற்றையும் ஒரே தாளில் கேட்டிருக்கிறீர்கள். ஒவ்வொன்றும் நம் பக்கத்துக்குத் தேவையானதுதான். ஆனால் இந்தத் தாள் கோவையில் திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தால் என்ன ஆகும்? குளம் நீர்வளத் துறையின் வசம் இருக்கலாம், உள்ளாட்சியின் வசமும் இருக்கலாம். படிப்பகம் என்றால் நூலகத் துறையைக் கேட்பார்கள். விளக்கு உள்ளாட்சியின் பொறுப்பு. நாலு மேசைக்கும் பொதுவான தாள் எந்த மேசையிலும் உட்காராது. உரிய நடவடிக்கைக்கு அனுப்பப்பட்டது என்று ஒரு பதில் வரும், அதோடு சரி.

ஒன்றிய அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன் நான். மனு கொடுக்கிறவர்களின் தவிப்பு ஊர்க்காரன் என்பதால் தெரியும். அதைப் பிரித்துப் படித்து, குறிப்பு எழுதி, மேலே அனுப்புகிறவர்கள் எதைத் தேடுகிறார்கள் என்பது வேலையால் தெரியும். அவர்கள் தேடுவது ஒரே விஷயத்தை: இந்தப் பணம் போனால் வேலை முடியுமா, முடிந்த பிறகு அதை யார் பார்த்துக்கொள்வார்கள்? அதற்குப் பதில் உங்கள் தாளில் இல்லை. "ஊர் மக்கள் நலன் கருதி" என்று மட்டும் நாலு இடத்தில் இருக்கிறது.

அந்தப் பதிலை வார்த்தையால் சொல்ல முடியாது. காசால் சொல்ல வேண்டும். வெளியில் கேட்பதற்கு முன்னால் உங்கள் ஊர் தன் கையிலிருந்து ஒரு தொகையை எடுத்து வைக்க வேண்டும். இதை ஏதோ கிழவனின் பிடிவாதம் என்று நினைத்துவிடாதீர்கள். தமிழ்நாட்டில் இதை அடித்தளமாக வைத்தே ஒரு திட்டம் நடக்கிறது. 1997-98இல் 'நமக்கு நாமே' என்ற பெயரில் வந்தது. 2011-க்குப் பிறகு 'தன்னிறைவுத் திட்டம்' என்று நடந்தது. 2021-இல் மறுபடியும் 'நமக்கு நாமே' ஆனது. ஆட்சி மாறியபோது பெயர் மாறியதே தவிர, கரு மாறவில்லை. மக்கள் ஒரு பங்கு போட்டால் அரசு மீதியைப் போடும். பள்ளிக்கூடத்துக்கு வகுப்பறை, சுற்றுச்சுவர், அங்கன்வாடி, நூலகம், பூங்கா, குளம் குட்டை தூர்வாருதல் என்று ஊருக்குப் பொதுவான சொத்தாக நிற்கும் வேலைகளுக்குத்தான் இது.

பொதுவாகக் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு ஊருடையது. ஒரு சுற்றுச்சுவருக்கு 6 லட்சம் எஸ்டிமேட் என்றால் 2 லட்சம் நீங்கள் கட்ட வேண்டும். வேலைக்கு வேலை, இடத்துக்கு இடம் விகிதம் மாறும் என்பதால், நடப்பில் இருக்கும் அரசாணையைக் கேட்டு வாங்கிப் படித்துவிட்டுப் பேசுங்கள். தன்னிறைவுத் திட்டத்தில் இன்னொரு விதி இருந்தது, அதில்தான் எனக்கு மரியாதை அதிகம். ஊர்ப் பங்கு பாதியோ அதற்கு மேலோ இருந்தால், பங்களித்தவர்களே அந்த வேலையை எடுத்துச் செய்யலாம், அல்லது தாங்கள் நம்பும் ஆளை வைத்துச் செய்துகொள்ளலாம். மூன்றில் ஒரு பங்கு போட்டால் கேட்கும் உரிமை வருகிறது. பாதி போட்டால் வேலையே உங்கள் கைக்கு வருகிறது. சிமெண்டு எத்தனை மூட்டை இறங்கியது, கம்பி எந்தக் கனத்தில் வந்தது என்று நின்று பார்க்கும் அதிகாரம் யாரும் கொடுக்காமலே உங்களுக்குச் சேர்ந்துவிடுகிறது.

உடனே உங்களில் ஒருவர் சொல்வீர்கள், "ஐயா, ஒரு மில் முதலாளியைப் பார்த்தால் மொத்தத்தையும் அவரே கட்டிவிடுவாருங்க." கட்டுவார். நம் பக்கத்தில் கொடுக்கும் மனசுக்குக் குறைவில்லை. சூலூரிலிருந்து சோமனூர் வரைக்கும் எத்தனையோ பள்ளிக்கூடக் கட்டடங்களில் கொடையாளர் பெயர் பொறித்த கல் இருக்கிறது. அவரிடம் வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் அவரிடம் போவதற்கு முன்னால் ஒவ்வொரு வீட்டிலும் நூறு ரூபாயாவது வாங்குங்கள். ஒருவரே கட்டிய சுவரில் விரிசல் விட்டால் அவருக்குப் போன் போடுவார்கள். எல்லாரும் காசு போட்ட சுவரில் விரிசல் விட்டால் ஊரே வந்து கேள்வி கேட்கும். அந்தக் கேள்விக்காகத்தான் நூறு ரூபாய்.

கூலிக்குப் போகிற வீட்டில் காசு கேட்டு நிற்காதீர்கள். விசைத்தறி ஓடாத மாதத்தில் நூறு ரூபாயும் பெரிய காசுதான். ஒரு நாள் வேலை, ஒரு வேளைச் சாப்பாடு, ஒரு வண்டி மண் என்று எதுவும் பங்குதான். அதையும் நோட்டில் பெயரோடு எழுதுங்கள். இன்னொன்றையும் கொஞ்சம் கடுமையாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. உங்கள் கையெழுத்துப் பட்டியலில் ஆதிதிராவிடர் குடியிருப்பிலிருந்து ஒரு பெயர்கூட இல்லை. குளம் அவர்களுக்கும் பொது, மயானப் பாதையில் இருட்டு அவர்களுக்கும்தான். அவர்களை விட்டுவிட்டு ஊர்ப்பொது என்று எழுத உங்களுக்கு உரிமை கிடையாது. கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது. வசூல் பணத்தை எடுக்க மூன்று பேர் கையெழுத்துப் போடும்படி வையுங்கள்; அவர்களில் ஒருவர் அங்கிருந்து வரட்டும், ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். தாளில் மட்டும் பெயர் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குக் கூப்பிடாமல் விடுவது, போடாமல் விட்டதைவிட மோசம்.

ஊர் பங்கு போட்டு நீர்நிலையைக் காப்பது நமக்குப் புதுசில்லை. குடிமராமத்து என்று நம் முன்னோர் செய்ததுதான். பின்னால் வெள்ளைக்கார அரசு 1858-இல் சென்னை மாகாணத்துக்குக் கட்டாய உழைப்புச் சட்டம் கொண்டுவந்து, ஊரார் மனசாரச் செய்த வேலையைத் தண்டனைக்குப் பயந்து செய்யும் வேலையாக்கப் பார்த்தது. குடிமராமத்து மெல்ல மெல்லத் தேய்ந்தது. 2017 மார்ச்சில் தமிழ்நாடு அரசு அதே பெயரில் ஒரு திட்டத்தைக் காஞ்சிபுரம் மாவட்டம் மணிமங்கலம் ஏரியில் தொடங்கியது. முதல் கட்டமாக 100 கோடி ரூபாயில் 1,519 வேலைகள். ஆயக்கட்டு விவசாயிகளின் சங்கமே வேலையை எடுக்க வேண்டும், அவர்கள் பத்தில் ஒரு பங்கை உழைப்பாகவோ பொருளாகவோ பணமாகவோ தர வேண்டும் என்பது ஏற்பாடு. நல்ல ஏற்பாடு. சில ஊர்களில் சங்கம் உயிரோடு இருந்தது, வேலை நடந்தது. சில ஊர்களில் சங்கத்தின் பெயரில் வேறு ஆட்கள் வேலை எடுத்தார்கள் என்ற குறையும் எழுந்தது. பணமும் விதியும் இரண்டு இடத்திலும் ஒன்றுதான். கூட்டம் கூடுகிற சங்கம் எங்கே இருந்ததோ அங்கே கரை உயர்ந்தது.

உதவி எந்த ஊரில் பலிக்கும் என்பதைத் தென்கொரியா தெளிவாகச் சோதித்துப் பார்த்தது. 1970-இல் அந்த அரசு 33 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கிராமங்களுக்கு ஆளுக்கு ஆள் பிரிக்காமல், கிராமத்துக்கு 335 மூட்டை சிமெண்டு இலவசமாகக் கொடுத்தது. ஊருக்குப் பொதுவான வேலைக்குத்தான் போட வேண்டும், எந்த வேலை என்பதை ஊரே முடிவு செய்ய வேண்டும். பாதிக் கிராமங்கள் நன்றாகச் செய்தன. பாலம் கட்டின, பாதையை அகலப்படுத்தின, கிணறு வெட்டின. மீதிக் கிராமங்களில் மூட்டை சும்மா கிடந்தது. அடுத்த சுற்றில் ஒழுங்காகச் செய்த சுமார் 16,600 கிராமங்களுக்கு மட்டும் 500 மூட்டையும் ஒரு டன் இரும்புக் கம்பியும் போயின. அது கெடுபிடியான ஆட்சி, அதன் மற்ற முறைகளை நான் மெச்சவில்லை. ஆனால் சின்ன உதவியை எப்படிக் கொடுக்க வேண்டும், எப்படி வாங்க வேண்டும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நான் படித்ததில்லை. முதலில் சின்னதாக வாங்குங்கள். முடித்துக் காட்டுங்கள். பிறகு பெரியதாகக் கேளுங்கள். நம் மகளிர் சுய உதவிக் குழுக்கள் வளர்ந்ததும் இப்படித்தான். வாரம் தவறாத கூட்டம், சேமிப்பு, உள்கடன், திருப்பிச் செலுத்துதல், கணக்குப் பதிவு ஆகிய ஐந்தும் ஒழுங்காக நடக்கிறதா என்று பார்த்துத் தரம் பிரித்த பிறகுதான் சுழல் நிதி கிடைக்கும்.

நான் வேலையில் இருந்தபோது பார்த்த ஒரு விண்ணப்பத்தைச் சொல்கிறேன். அது ஒரு மகளிர் குழு கொண்டுவந்தது. அங்கன்வாடிக்குச் சுற்றுச்சுவர் வேண்டும். கோடு போட்ட நோட்டுத் தாளில் பேனாவால் எழுதியிருந்தார்கள். முதல் பக்கத்தில் ஒரு படம்: அங்கன்வாடி, அதன் வாசல், வாசலை ஒட்டிப் போகும் சாலை, சாலையில் ஒரு லாரி. லாரியிலிருந்து வாசலுக்கு எத்தனை அடி என்று அம்புக்குறி போட்டு எழுதியிருந்தது. துணிக்கு அளவெடுக்கும் டேப்பால் அளந்தார்களாம். அடுத்த பக்கத்தில் குழந்தைகளின் எண்ணிக்கை, வயதுவாரியாக. மூன்றாம் பக்கத்தில் வீட்டுவாரியாக யார் எவ்வளவு தருகிறார்கள் என்ற பட்டியல், பக்கத்தில் கையெழுத்து, சில இடத்தில் கைநாட்டு. கடைசித் தாளில் கேட்டுக்கு வருஷா வருஷம் பெயிண்ட் அடிப்பது, பூட்டு மாற்றுவது குழுவின் பொறுப்பு என்று தீர்மானம் எழுதி எல்லாரும் ஒப்பமிட்டிருந்தார்கள். கொண்டுவந்த அம்மா என்னிடம், "ஏனுங்க, இதுக்கு மேல இன்னும் ஏதாச்சும் எழுதோணுமுங்களா?" என்று கேட்டார். எழுத ஒன்றுமில்லை. பொறியாளர் அந்தப் படத்தை எடுத்துக்கொண்டே இடத்தைப் பார்க்கப் போனார். அந்த வருஷமே சுவர் எழுந்தது.

உங்கள் தாளில் அந்த மாதிரி ஒரு படம் வேண்டும். ஒரே ஒரு வேலையைத் தேர்ந்தெடுங்கள். எதை என்பதை மன்றத்துக்குள் முடிவு செய்யாமல் ஊர்க் கூட்டத்தில் முடிவு செய்யுங்கள். கிராம சபை இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூடுகிறது: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அங்கே தீர்மானமாக ஏற்றிவிட்டால் அது உங்கள் நாற்பது பேரின் ஆசை என்ற நிலையைத் தாண்டி ஊரின் தீர்மானமாகிறது. பேரூராட்சி, நகராட்சிப் பகுதியில் இருப்பவர்களுக்குப் பகுதி சபை இருக்கிறது. தீர்மான நகலைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு இடம். எந்த சர்வே எண், என்ன வகைப்பாடு என்று அ-பதிவேட்டில் பாருங்கள், புல வரைபடம் ஒரு நகல் எடுங்கள். இதைச் செய்யாமல் அலைந்து வீணாய்ப்போன விண்ணப்பங்கள் கணக்கில் அடங்காது. படிப்பகம் கட்ட நினைக்கும் இடம் வாய்க்கால் புறம்போக்காக இருந்தால் யாரும் அனுமதி தரமாட்டார்கள், தரவும் கூடாது. நொய்யல் தண்ணீரை வாய்க்கால் வழியாகக் குளத்துக்குக் குளம் கொண்டுபோன ஊர்க்காரர்கள் நாம். அந்த வாய்க்கால்களை அடைத்துத்தான் பல குளங்களைக் காயப்போட்டோம். படிப்பகத்துக்காகக்கூட அதில் கை வைக்கக் கூடாது.

யாரிடம் கேட்பது என்பது அதற்குப் பிறகுதான் வரும். வழிகள் பல இருக்கின்றன. நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதி 1993 டிசம்பரில் வந்தது, ஆண்டுக்கு 5 கோடி ரூபாய். சட்டமன்ற உறுப்பினருக்கும் தொகுதி நிதி உண்டு. எம்.பி. பரிந்துரைப்பார், ஒப்புதல் கொடுப்பது மாவட்ட நிர்வாகம். வழிபாட்டுத் தலத்துக்கு அந்தப் பணம் போகாது என்பதால் கோயில் மண்டபத்தைப் படிப்பகம் என்று பெயர் மாற்றிக் கொண்டுபோகாதீர்கள். பள்ளிக்கூட வேலை என்றால் பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2009-ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர்தான், பாதிப் பேர் பெண்கள். படிப்பகம்தான் வேண்டும் என்றால், கொல்கத்தாவில் 1972 முதல் இயங்கும் ராஜா ராம்மோகன் ராய் நூலக அறக்கட்டளை, பொது நூலகம் நடத்தும் தன்னார்வ அமைப்புகளுக்கும் உதவுகிறது. ஆனால் நூலகம் ஏற்கெனவே நடந்துகொண்டிருக்க வேண்டும். ஒரு வாடகை அறையில் நூறு புத்தகத்தோடு ஆரம்பித்து, வருகிறவர்களின் பெயரை நோட்டில் எழுதச் சொல்லுங்கள். அந்த நோட்டு உங்களுக்காகப் பேசும்.

கம்பெனிகளின் சமூகப் பொறுப்பு நிதி, அதான் சி.எஸ்.ஆர்., அதைப் பற்றித்தான் உங்களில் பலர் கேட்டீர்கள். 2013-ஆம் ஆண்டு கம்பெனிகள் சட்டத்தின் 135-ஆம் பிரிவுப்படி, குறிப்பிட்ட அளவுக்கு மேல் பெரிய கம்பெனிகள் முந்தைய மூன்று ஆண்டுகளின் சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிக்குச் செலவிட வேண்டும். கோவையைச் சுற்றி அப்படிப்பட்ட கம்பெனிகள் இருக்கின்றன. ஆனால் நேற்று ஆரம்பித்த மன்றத்துக்கு அந்தப் பணம் நேராக வராது. பதிவு வேண்டும், வருமான வரித் துறையின் 12ஏ, 80ஜி பதிவுகள் வேண்டும், சி.எஸ்.ஆர்.-1 படிவம் தாக்கல் செய்து எண் வாங்க வேண்டும், மூன்று ஆண்டு வேலை செய்த தடம் வேண்டும். அதுவரைக்கும் ஏற்கெனவே தகுதியுள்ள ஒரு அமைப்போடு சேர்ந்து செய்யலாம்.

வெளிநாட்டில் இருக்கும் சொந்தக்காரர் பணம் அனுப்புகிறேன் என்றால் கவனம். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சொந்தச் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பினால் தடையில்லை. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கிவிட்டவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை. 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி இல்லாமல் ஒரு ரூபாய்கூட வாங்கக் கூடாது. பாசத்தில் அனுப்பிய பணம் உங்களைச் சட்டச் சிக்கலில் நிறுத்திவிடும்.

மன்றத்தைப் பதிவு செய்யலாமா என்று கேட்டீர்கள். 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி ஏழு பேர் இருந்தால் பதியலாம். ஆனால் பதிந்துவிட்டால் ஆண்டுதோறும் பொதுக்குழு கூட்ட வேண்டும், கணக்கைத் தணிக்கை செய்ய வேண்டும், பதிவாளருக்குப் படிவங்கள் அனுப்ப வேண்டும். அனுப்பாமல் விட்டுப் பல வருஷ அபராதத்தோடு நிற்கும் சங்கங்கள் ஏராளம். என் யோசனை, ஒரு வருஷம் பதிவில்லாமலே கூட்டம் நடத்திப் பாருங்கள். மாதம் ஒரு நாள், ஒரே இடம், ஒரே நேரம். வந்தவர் கையெழுத்து, பேசிய விஷயம், எடுத்த முடிவு எல்லாம் மினிட் நோட்டில். ஒரு வருஷம் தாக்குப்பிடித்தால் பதியுங்கள்.

பணம் கைக்கு வந்த பிறகுதான் உண்மையான வேலை. நோம்பி முடிந்ததும் தலைக்கட்டு வரி எவ்வளவு வந்தது, பூவுக்கு எவ்வளவு, மேளத்துக்கு எவ்வளவு, மீதி எவ்வளவு என்று ஊர் முன்னால் கோயில் திட்டில் உட்கார்ந்து வாசிப்போமே, அதே மாதிரி இந்தக் கணக்கும் வாசிக்கப்பட வேண்டும். பொருள் வாங்கும் முன் மூன்று கடையில் விலைப்புள்ளி வாங்குங்கள். பில் இல்லாத செலவு செய்யாதீர்கள். மண் வண்டிக்காரர் பில் தரமாட்டார், அவரிடம் வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து வாங்குங்கள். வேலைக்கு முன், நடுவில், பின் என்று ஒரே இடத்தில் நின்று போட்டோ எடுங்கள். வேலை முடிந்ததும் பயன்பாட்டுச் சான்றிதழ் கொடுக்க வேண்டும். மத்திய அரசுப் பணம் என்றால் பொது நிதி விதிகளின் 12-ஏ படிவம். வாங்கியது, செலவு, மீதி, எதற்குச் செலவு, இவ்வளவுதான் அதில் இருக்கும். மீதி இருந்தால், அது முன்னூறு ரூபாயாக இருந்தாலும், திருப்பிக் கட்டிவிட்டு ரசீதை ஒட்டி வையுங்கள். அடுத்த முறை நீங்கள் கேட்கும்போது அந்த ரசீது மேசையில் இருக்கும். சான்றிதழ் கொடுக்காத குழுவுக்கு இரண்டாவது தவணையே வராது. நல்ல மனசுள்ள எத்தனையோ குழுக்கள் நின்றுபோனது இந்த ஒரு தாளால்தான், அதைப் பார்த்து எனக்கு வேதனையாக இருந்திருக்கிறது.

முதல் முறை இல்லை என்று வரலாம். நிதி ஆண்டு மார்ச்சில் முடிகிறது, பிப்ரவரியில் கொண்டுபோனால் பணம் ஒதுக்கியாகிவிட்டது என்பார்கள். ஏப்ரல், மே மாதத்தில் எஸ்டிமேட்டோடு போங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். மரியாதையாகக் கேட்டால் பெரும்பாலும் சொல்வார்கள். அந்தக் குறையை மட்டும் சரிசெய்து அதே தாளை மறுபடி கொடுங்கள்.

வரும் ஞாயிற்றுக்கிழமை கூட்டம் போடுங்கள். ஊர்த்தெரு, ஆதிதிராவிடர் குடியிருப்பு இரண்டையும் கூப்பிடுங்கள், பெண்கள் வரக்கூடிய நேரமாகப் பாருங்கள், பொழுது சாயும் நேரம் வேண்டாம். நாலு வேலையில் எது முதலில் என்று கை தூக்கச் சொல்லி எண்ணுங்கள். என்னைக் கேட்டால் மயானப் பாதை விளக்கைச் சொல்வேன். செலவு குறைவு, இடப் பிரச்சினை இல்லை, எல்லா வீட்டுக்கும் வேண்டியது. ஆனால் முடிவு உங்களுடையது. அன்றைக்கே ஒரு நோட்டுப் போட்டு வசூலை ஆரம்பித்துவிடுங்கள், என் வீட்டுப் பங்கை முதல் வரியில் எழுதிக்கொள்ளுங்கள். படம் வரைய, அளவெடுக்க யாரும் இல்லையென்றால் காலையில் வாருங்கள், டேப் என்னிடம் இருக்கிறது.